அடுக்குமாடிக்குள் குடிபுகும் தேவாலயங்கள்: நிலம் தரும் வாய்ப்பு, ஒப்பந்தம் தரும் பாதுகாப்பு

நகரின் நடுவே நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுப்பப்பட்ட தேவாலயம். பல நூறு பேர் அமரக்கூடிய அதன் மண்டபத்தில் இப்போது ஞாயிறு காலை ஆராதனைக்கு ஐம்பது, அறுபது பேர்தான் வருகிறார்கள். கூரை ஒழுகுகிறது; குளிர்காலத்தில் மண்டபத்தைச் சூடாக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது; காணிக்கைப் பணத்தில் பெரும்பகுதி கட்டடத்தைப் பழுதுபார்ப்பதிலேயே கரைகிறது. ஆனால் அக்கட்டடம் நிற்கும் நிலத்தின் மதிப்போ பல கோடி டாலர்.

வட அமெரிக்காவின் பெருநகரங்களில் இத்தகைய நிலையில் உள்ள கிறிஸ்தவ சபைகள் ஏராளம். அவற்றின் முன் பொதுவாக மூன்று வழிகள் இருந்துவந்தன. இருப்பதை வைத்துக்கொண்டு முடிந்தவரை காலம் தள்ளுவது, நிலத்தை விற்றுவிட்டுப் புறநகருக்குச் செல்வது, சபையைக் கலைத்துவிடுவது. இவற்றுக்கு அப்பால் நான்காவது வழியொன்றைச் சில சபைகள் தேர்ந்தெடுத்துள்ளன. பழைய கட்டடத்தை இடித்து, அதே நிலத்தில் வீடுகள், அலுவலகங்கள், கடைகள் ஆகியவை அடங்கிய புதிய கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் எழ அனுமதித்து, அதன் கீழ்த்தளத்தில் சபையை மீண்டும் குடியமர்த்துவதே அந்த வழி.

இந்த ஏற்பாட்டின் சாதகங்கள் வெறும் பணக் கணக்கோடு முடிபவை அல்ல. அதேவேளை அவை தாமாகக் கிடைப்பவையும் அல்ல. இதுவரை நடந்த முயற்சிகளைப் பார்க்கும்போது, நிலத்தின் விலையைக் காட்டிலும் ஒப்பந்தத்தின் வாசகங்களே ஒரு சபையின் எதிர்காலத்தைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

குறையும் உறுப்பினர்கள், ஏறும் நில மதிப்பு

இந்த விவாதம் இப்போது வலுப்பெற்றிருப்பதற்குப் பின்னால் இரண்டு போக்குகள் உள்ளன.

முதலாவது, சபைகளின் சுருக்கம். அமெரிக்காவில் தேவாலயம், யூத வழிபாட்டுத்தலம், பள்ளிவாசல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருப்பதாகக் கூறியோர் 1999ஆம் ஆண்டில் 70 சதவீதமாக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் அது 47 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு தெரிவித்தது. அந்நிறுவனம் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிய 1930களுக்குப் பின்னர் இந்த விகிதம் பாதிக்கும் கீழே சென்றது அதுவே முதல்முறை. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டில் சுமார் 4,500 புராட்டஸ்டன்ட் தேவாலயங்கள் மூடப்பட்டன என்றும், புதிதாகத் தொடங்கப்பட்டவை சுமார் 3,000 மட்டுமே என்றும் லைஃப்வே ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

இரண்டாவது, நகரங்களில் நிலவும் வீட்டுப் பற்றாக்குறை. ஒருகாலத்தில் டிராம் பாதைகளை ஒட்டியும், கடைவீதிகளின் முனைகளிலும் தேவாலயங்கள் கட்டப்பட்டன. மக்கள் நடந்துவந்து சேரவேண்டும் என்பதே அதற்குக் காரணம். அதே இடங்கள் இன்று சுரங்க ரயில் நிலையங்களுக்கும் பேருந்துத் தடங்களுக்கும் அருகில் அமைந்துவிட்டன. வாடகை வீடுகளைக் கட்டுவதற்கு இவற்றைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது.

அரசுகளும் இதைக் கவனத்தில் கொண்டுள்ளன. கலிஃபோர்னியா மாநிலம் 2023ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, சமய நிறுவனங்களும் உயர்கல்வி நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீடுகளைக் கட்டுவதை எளிதாக்கியது. நிர்ணயிக்கப்பட்ட நிபந்தனைகளை நிறைவுசெய்யும் திட்டங்களை, நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டி உள்ளூர் நிர்வாகங்கள் இழுத்தடிக்க முடியாது. 2024 ஜனவரியில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சிக்காகோவின் முன்னோடி

தேவாலயமும் வணிகமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதுமை என்று பலர் கருதக்கூடும். உண்மையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

சிக்காகோ நகரின் முதல் மெதடிஸ்ட் சபை 1831ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வாஷிங்டன் வீதியும் கிளார்க் வீதியும் சந்திக்கும் முனையில் 1838 முதல் அது இயங்கிவருகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சபை தன் கட்டடத்தில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் கொடுத்து வாடகை பெற்றது. 1920களின் தொடக்கத்தில், நகர மையத்து நிலத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டு மக்கள் குடியேறிய புறப்பகுதிகளுக்குச் செல்லலாமா என்ற விவாதம் எழுந்தது. அங்கேயே தங்குவது என்று சபை முடிவுசெய்தது. விளைவாக 1924ஆம் ஆண்டில் 568 அடி, அதாவது சுமார் 173 மீட்டர் உயரமுள்ள சிக்காகோ டெம்பிள் எழுந்தது. கீழே ஆராதனை மண்டபம், மேலே அலுவலகங்கள், உச்சியில் கோபுரம். கோபுரத்துக்குள் சுமார் 400 அடி உயரத்தில் சிற்றாலயம் ஒன்று 1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது.

இந்த முன்னுதாரணத்தில் கவனிக்கவேண்டியது உயரத்தை அல்ல, உடைமையை. நிலமும் கட்டடமும் சபையின் பொறுப்பிலேயே இருந்தன. மேலே வாடகைக்கு இருந்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். கீழே இருந்த சபை மாறவில்லை. அலுவலக வாடகை சபையின் பணிகளுக்கு மட்டுமல்லாமல், நகரின் வேறு பகுதிகளில் மெதடிஸ்ட் ஆலயங்கள் அமையவும் உதவியது.

நியூயார்க்கில் ஒரு சபை விதித்த நிபந்தனைகள்

ஆனால் எல்லாச் சபைகளாலும் தாமே வானளாவிய கட்டடம் ஒன்றைக் கட்டிவிட முடியாது. பெரும்பாலானவை ஒரு வங்கியுடனோ கட்டுமான நிறுவனத்துடனோ ஒப்பந்தம் செய்தாகவேண்டும். பலம் சமமாக இல்லாத அத்தகைய பேச்சுவார்த்தையில் ஒரு சபை எதைக் கேட்டுப் பெறலாம் என்பதற்கு நியூயார்க்கின் புனித பேதுரு லுத்தரன் சபை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஜெர்மானியக் குடியேறிகளால் 1862ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சபை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மான்ஹாட்டனில் லெக்சிங்டன் நிழற்சாலையும் 54ஆவது வீதியும் சந்திக்கும் முனையில் இருந்துவந்தது. 1970களின் தொடக்கத்தில் சிட்டி வங்கி அந்த வட்டாரம் முழுவதையும் வாங்கித் தன் தலைமையகத் தொகுதியைக் கட்ட விரும்பியது. சபை சுமார் 90 லட்சம் டாலருக்கு விற்க இசைந்தது. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. அதே முனையில் சபைக்குப் புதிய ஆலயம் எழவேண்டும். அது வங்கிக் கட்டடத்தின் ஓர் அறையாக அல்லாமல் தனித்த அமைப்பாக இருக்கவேண்டும். கோபுரத்தின் தூண்கள் எவையும் அதன் ஊடாகச் செல்லக்கூடாது.

இந்த நிபந்தனைகள் நகரின் வானவிளிம்பையே மாற்றின. கட்டடக் கலைஞர் ஹியூ ஸ்டபின்ஸும் பொறியாளர் வில்லியம் லெமெஷரரும் 59 மாடிக் கோபுரத்தை ஒன்பது மாடி உயரமுள்ள தூண்களின் மீது தூக்கி நிறுத்தினார்கள். வழக்கமாக நான்கு மூலைகளிலும் இருக்கவேண்டிய தூண்கள் நான்கு பக்கங்களின் நடுவே வைக்கப்பட்டன. வடமேற்கு மூலை காலியாக விடப்பட, அதன் கீழே தேவாலயம் தனித்து நிற்கிறது. புதிய ஆலயம் 1977ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

ஆராதனை மண்டபம் வீதி மட்டத்துக்குக் கீழே உள்ளது. எனினும் பெரிய கண்ணாடிச் சாளரத்தின் வழியாக நடைபாதையில் செல்வோர் உள்ளே நடப்பதைப் பார்க்கமுடியும். சிற்பி லூயிஸ் நெவெல்சன் உருவாக்கிய சிற்றாலயம் ஒன்றும் அங்கே உள்ளது. 1960களில் இச்சபை தொடங்கிய ஜாஸ் இசை மாலை ஆராதனை புதிய இடத்திலும் தொடர்ந்தது. அலுவலகம் செல்வோரும் இசைக்கலைஞர்களும் வந்துபோகும் இடமாகச் சபை தன்னை மாற்றிக்கொண்டது. நிலத்தை விற்ற பிறகும் அது முகவரியை இழக்கவில்லை.

சாதகங்கள் எவை?

இத்தகைய ஏற்பாட்டினால் ஒரு சபைக்குக் கிடைக்கக்கூடிய நன்மைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, இடத்தைத் தக்கவைப்பது. புறநகருக்குச் செல்லும் சபை, கார் இல்லாத முதியவர்களையும் பேருந்தில் வரும் ஏழைகளையும் பின்னே விட்டுச்செல்கிறது. அதே முனையில் தங்கும் சபைக்கு அந்த இழப்பு இல்லை.

இரண்டாவது, தேவைக்கேற்ற அளவு. ஆயிரம் பேருக்கான மண்டபத்தை அறுபது பேர் பராமரிப்பதைவிட, நூற்றைம்பது பேருக்கான அறையைப் பராமரிப்பது எளிது. மின்தூக்கி, சக்கர நாற்காலிக்கான சாய்தளம், தீப்பாதுகாப்பு ஆகியவை புதிய கட்டடத்தில் சட்டப்படியே இருக்கும். பழைய கட்டடத்தில் அவற்றைப் பொருத்துவதற்கே பெரும்பணம் தேவைப்படும்.

மூன்றாவது, வார நாட்களின் பயன். ஞாயிறு காலை மட்டும் நிரம்பும் வாகன நிறுத்துமிடத்தை வார நாட்களில் அலுவலகங்களும் குடியிருப்பாளர்களும் பயன்படுத்தலாம். ஒரே இடத்தின் செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வதற்கு இது வழிசெய்கிறது. சபையின் அறைகள் குழந்தைகள் காப்பகமாகவோ மொழி வகுப்பாகவோ இயங்கினால், மேல்மாடியில் குடியிருப்பவர்களே அவற்றின் முதல் பயனாளிகள்.

நான்காவது நன்மை, சமய நோக்கில் மிக முக்கியமானது. நிலத்தையே தொண்டாக மாற்றும் வாய்ப்பு அது. தலைநகர் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆர்லிங்டனில் இரண்டு சபைகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன.

ஆர்லிங்டனில் இரண்டு அனுபவங்கள்

கிளாரண்டன் முதல் பாப்டிஸ்ட் சபை சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தது. வாடகை வேகமாக ஏறிவந்த அப்பகுதியில் ஆசிரியர்கள், கடை ஊழியர்கள் போன்றோர் குடியிருக்க முடியாத நிலை உருவானது. சபை தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி உரிமையை, அதாவது மேலே மாடிகளைக் கட்டிக்கொள்ளும் உரிமையை, இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றுக்கு விற்றது. பத்து மாடிக் கட்டடம் எழுந்தது. கீழ்த் தளங்கள் சபைக்கு. மேலே 116 வீடுகள். அவற்றில் 70 வீடுகள் குறைந்த வருவாயினருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். பழைய தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் புதிய கட்டடத்தின் முகப்பில் தக்கவைக்கப்பட்டது.

பணி எளிதாக முடியவில்லை. அயலவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். தேவாலயத்தையும் உள்ளடக்கிய ஒரு கட்டடத்துக்கு உள்ளூர் நிர்வாகம் கடனுதவி அளிப்பது, அரசும் சமயமும் பிரிந்திருக்கவேண்டும் என்ற அரசியலமைப்பு விதியை மீறுவதாகும் என்பது அவர்களின் வாதம். ரிச்மண்டில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அவ்வாதத்தை நிராகரித்தது. கட்டுப்படியாகும் வீடுகளை உருவாக்குவது சமயம் சாராத பொதுநோக்கம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுப்பணம் வீடுகளுக்குச் செல்லவேண்டும், தேவாலயப் பகுதியின் செலவைச் சபை ஏற்கவேண்டும் என்ற பிரிவினை கணக்கில் தெளிவாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வழக்கு உணர்த்தியது.

இரண்டாவது அனுபவம் ஆர்லிங்டன் பிரஸ்பிட்டேரியன் சபையினுடையது. உறுப்பினர்கள் பெருமளவு குறைந்துவிட்ட நிலையில், தம் அயலில் வாழும் மக்களின் முதன்மையான கவலை என்ன என்று அச்சபையார் கேட்டறிந்தனர். கிடைத்த விடை, வாடகை. நிலத்தைக் கட்டுப்படியாகும் வீடுகளை அமைக்கும் இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றுக்கு விற்க முடிவாயிற்று. கல்லால் ஆன பழைய ஆலயம் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் கிலியம் பிளேஸ் என்ற பெயரில் 173 வீடுகள் கொண்ட கட்டடம் 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சபை அதன் தரைத்தளத்தில் வாடகைக்கு ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டது. குடியேறிகளுக்குச் சமையல் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றும் அதே தரைத்தளத்தில் இடம்பெற்றது.

இரண்டு சபைகளும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. நோக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. முதலாவது சபை தன் தளங்களின் உடைமையைத் தக்கவைத்தது. இரண்டாவது சபை நிலத்தை முற்றாகக் கையளித்து வாடகைதாரரானது. முதலாவது பாதுகாப்பானது, ஆனால் கட்டடத்தின் பொறுப்பும் தொடரும். இரண்டாவதில் சுமை குறைவு. ஆனால் குத்தகைக் காலம் முடியும்போது என்ன நேரும் என்ற கேள்வி எஞ்சியிருக்கும். இவற்றுள் எது சரி என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைச் சபையார் அறிந்து தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதே முக்கியம்.

கொடுக்கவேண்டிய விலை

சாதகங்களைக் கூறும் கட்டுமான நிறுவனங்களின் விளக்கப் படங்களில் இடம்பெறாத செலவுகளும் உள்ளன.

முதற்செலவு இடைக்காலம். பழைய ஆலயம் இடிக்கப்பட்ட நாளுக்கும் புதியது திறக்கப்படும் நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்துவிடும். வழக்குகள் வந்தால் இன்னும் நீளும். அக்காலத்தில் சபை பள்ளி மண்டபங்களிலோ பிற ஆலயங்களிலோ கூடவேண்டியிருக்கும். ஏற்கனவே மெலிந்த சபையில், அந்த அலைச்சலின்போது விலகிச்செல்வோர் திரும்பி வருவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. தங்கள் திருமணமும் பெற்றோரின் இறுதிச் சடங்கும் நடந்த கட்டடம் இடிபடுவதைப் பார்க்கும் முதியவர்களின் வேதனையை எந்த வரவு செலவுக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இரண்டாவது, அடையாளம். வீதியின் கோடியிலிருந்தே தெரிந்த கோபுரத்துக்குப் பதிலாக, காப்பிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. வழிப்போக்கர் தேவாலயம் என்று அறிந்து உள்ளே நுழைவதற்கு அந்தக் கதவு போதுமா என்பது சிறிய கேள்வி அல்ல.

மூன்றாவது, அண்டைவீட்டாரின் ஆபத்தில் பங்கு. நியூயார்க்கின் சிட்டி வங்கிக் கோபுரம் திறக்கப்பட்ட மறு ஆண்டே, 1978இல், அதன் எஃகு இணைப்புகள் மூலைவாட்டில் வீசும் கடும்புயலைத் தாங்கப் போதுமானவை அல்ல என்று பொறியாளர் லெமெஷரர் கண்டறிந்தார். இரவு நேரங்களில் பற்றவைப்புப் பணி நடத்தி இணைப்புகள் வலுவாக்கப்பட்டன. ஆனால் முழு விவரமும் 1995ஆம் ஆண்டில் நியூயார்க்கர் இதழில் வெளியான கட்டுரை மூலமே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தனித்த ஆலயம் வேண்டும் என்று சபை கேட்டதும், அதனை அவர்கள் பெற்றதும் உண்மை. ஆயினும் தலைக்கு மேலே நிற்கும் கோபுரத்தின் நலமே தங்கள் நலமும் என்பதிலிருந்து அவர்கள் விலகிவிட முடியவில்லை. நிலத்தடியில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2021 ஜனவரியில் அருகிலுள்ள வீதியில் குடிநீர்ப் பெருங்குழாய் உடைந்தபோது, தண்ணீர் ஆலயத்துக்குள் புகுந்து பெரும் சேதத்தை ஏற்படுத்தியது.

நான்காவது, வரி. அமெரிக்காவில் வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்துக்குச் சொத்துவரி விலக்கு உண்டு. வணிகத்துக்கு வாடகைக்கு விடப்படும் பகுதி அந்த விலக்கை இழக்கக்கூடும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. இதைக் கணக்கில் கொள்ளாமல் வாடகை வருவாயை நம்பி வரவு செலவுத் திட்டம் தீட்டும் சபை பின்னர் திணற நேரிடும்.

சிங்கப்பூரின் மாற்று வழி

வளரும் சபைகளும் வணிக வளாகங்களை நாடுவதுண்டு என்பதைச் சிங்கப்பூர் காட்டுகிறது. நிலம் மிக அரிதாக உள்ள அந்நாட்டில் வழிபாட்டுத் தலங்களுக்கென ஒதுக்கப்படும் மனைகள் குறைவு. அவையும் 30 ஆண்டுக் குத்தகையிலேயே வழங்கப்படுகின்றன. நியூ கிரியேஷன் சபையின் வணிகப் பிரிவு, கேப்பிட்டாலேண்ட் நிறுவனத்துடன் இணைந்து புவன விஸ்தா பகுதியில் 5,000 இருக்கைகள் கொண்ட கலையரங்கமும் கடைவளாகமும் அடங்கிய கட்டடத்தை எழுப்பியது. 2012ஆம் ஆண்டில் சபை அங்கே குடிபெயர்ந்தது. அந்த அரங்கம் வார நாட்களில் இசை நிகழ்ச்சிகளுக்கும் பட்டமளிப்பு விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்படுகிறது. கீழேயுள்ள கடைவளாகத்தையும் 2019ஆம் ஆண்டில் 29 கோடியே 60 லட்சம் சிங்கப்பூர் டாலருக்குச் சபையின் அதே வணிகப் பிரிவு வாங்கியது.

பல சமயத்தவர் நெருங்கி வாழும் நாட்டில் இப்போக்கு கேள்விகளை எழுப்பியது. வணிகக் கட்டடங்களில் சமய நடவடிக்கைகளுக்கான இடத்துக்கு உச்சவரம்பு விதித்தும், சமய அடையாளங்களை வெளிப்படையாகக் காட்சிப்படுத்துவதைத் தடுத்தும் சிங்கப்பூர் அரசு 2010ஆம் ஆண்டில் வழிகாட்டு விதிகளை அறிவித்தது. கடைவளாகம் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான இடமாகத் தொடரவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கட்டட நிதி பெருகும்போது கண்காணிப்பும் பெருகவேண்டும் என்ற பாடமும் அதே நாட்டிலிருந்து வந்தது. வேறொரு பெரிய சபையான சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் தலைவர்கள் ஆறு பேர், கட்டட நிதி உள்ளிட்ட சபைப் பணத்தை முறைகேடாகப் பயன்படுத்திய குற்றத்துக்காக 2015ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டனர். வழக்கில் சம்பந்தப்பட்ட தொகை சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர். காணிக்கைத் தட்டில் விழும் பணத்துக்கும் கோடிகளில் நடக்கும் நில வணிகத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம் போதாது என்பதை அவ்வழக்கு நினைவூட்டியது.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர்கள்

இவ்வளவு நேரமும் பேசப்பட்டவை எல்லாம் நிலத்தின் உரிமையாளரான சபைகளைப் பற்றியவை. ஆனால் ஒரே ஆலயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் கூடுவது இன்று வழக்கமாகிவிட்டது. காலையில் உரிமைச் சபை. பிற்பகலில் குடியேறிகளின் சபை. லண்டனிலும் டொரோண்டோவிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் பல இவ்வாறு பிற சபைகளின் கட்டடங்களில் பிற்பகல் வேளைகளை வாடகைக்குப் பெற்று வளர்ந்தவையே. தமிழ் வகுப்புகளும் முதியோர் கூட்டங்களும் நடைபெறும் மண்டபங்களும் பெரும்பாலும் இவ்வகையினவே.

உரிமைச் சபை தன் நிலத்தை விற்கவோ மீள்கட்டவோ முடிவெடுக்கும்போது, இந்த வாடகைச் சபைகளுக்கு வாக்குரிமை கிடையாது. பல இடங்களில் எழுத்துபூர்வமான குத்தகை ஒப்பந்தம்கூட இருப்பதில்லை. போதகர்களுக்கிடையிலான நல்லுறவே ஆதாரம். புதிய கட்டடத்தில் உரிமைச் சபைக்கு ஒதுக்கப்படுவது சிறிய அறை. அதன் வாடகை அல்லது பராமரிப்புக் கட்டணம் சந்தை விலையை ஒட்டியது. மேலே குடியிருப்பவர்கள் இருப்பதால் இசைக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. நீண்ட நேரப் பாடல் ஆராதனையும், அதைத் தொடர்ந்து சமைத்துப் பரிமாறும் உணவும் கொண்ட ஒரு குடியேறிச் சபைக்கு அங்கே மீண்டும் இடம் கிடைப்பது கடினம். வெளிப்பார்வைக்கு ஒரு தேவாலயம் காப்பாற்றப்பட்டிருக்கும்; ஆனால் அங்கே கூடிய இரண்டு அல்லது மூன்று சபைகளில் ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. திட்டம் தீட்டும் கட்டத்திலேயே வாடகைச் சபைகளையும் அழைத்துப் பேசுவது. இடைக்காலத்தில் அனைவருக்கும் சேர்த்துத் தற்காலிக இடம் தேடுவது. புதிய மண்டபத்தைப் பல சபைகள் பகிரும் வகையில் ஒலிகாப்பும் சமையலறையும் கொண்டதாக வடிவமைப்பது ஆகியவை சாத்தியமானவை. ஆனால் வரைபடம் தயாரான பிறகு இவற்றைக் கேட்பதால் பயன் அதிகமில்லை.

கையெழுத்துக்கு முன்னர்

இதுவரையிலான அனுபவங்களிலிருந்து, இத்தகைய திட்டத்தில் இறங்கும் சபை தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில உள்ளன.

கட்டடம் முடிந்த பின்னர் சபை உரிமையாளரா, வாடகைதாரரா? வாடகை எனில் எத்தனை ஆண்டுகளுக்கு, அதன் பின்னர் புதுப்பிக்கும் உரிமை யாருடையது? கட்டடத்தை நிறுவனம் மூன்றாம் தரப்புக்கு விற்றால் ஒப்பந்தம் அவர்களையும் கட்டுப்படுத்துமா? வீதியிலிருந்து நேராக நுழையத் தனி வாசல் உண்டா? பெயர்ப் பலகையும் சிலுவையும் வைக்கலாமா? மணி அடிக்கலாமா? நிறுவனம் நடுவழியில் நொடித்துப்போனால் கூரையில்லாத சபைக்கு யார் பொறுப்பு? விற்பனைப் பணத்தை எவர் நிர்வகிப்பார், எவர் தணிக்கை செய்வார்?

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பல திருச்சபைகளில் ஆலயச் சொத்து உள்ளூர்ச் சபையாரின் பெயரில் மட்டும் இருப்பதில்லை. மறைமாவட்டத்தின் அல்லது மேல்மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. சபையார் ஒருமனதாக முடிவெடுத்தாலும், மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்க நேரிடும். அந்தக் காலதாமதத்தையும் திட்டத்தில் சேர்த்தாகவேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருக்கும் இடம் ஒப்பந்தம்தான். நியூயார்க்கின் புனித பேதுரு சபை, எந்தத் தூணும் தன் ஆலயத்தின் ஊடாகச் செல்லக்கூடாது என்று எழுத்தில் கேட்டது, பெற்றது. அக்கோபுரத்திலிருந்து வங்கியின் பெயர் பின்னர் நீங்கிவிட்டது. சபை அதே முனையில் தொடர்கிறது.

இத்தகைய முடிவைப் பெரும்பாலும் எடுப்பவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அங்கே வழிபட இருக்கமாட்டாத முதியவர்கள். தங்களுக்குப் பின் வருவோருக்காக ஒரு வாசலைத் திறந்து வைப்பதா, ஒரு தொகையை விட்டுச் செல்வதா என்பதே அவர்கள் முன்னுள்ள உண்மையான கேள்வி. நன்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் இரண்டையும் சாத்தியமாக்கலாம். அவசரத்தில் எழுதப்பட்டது இரண்டையுமே பறித்துவிடலாம். வெளிநாடுகளில் வாடகை மண்டபங்களில் தொடங்கி, இன்று சொந்தக் கட்டடம் வாங்கும் நிலைக்கு வளர்ந்திருக்கும் தமிழ்ச் சபைகளும் கோயில்களும் சங்கங்களும் ஒருநாள் இதே கேள்வியைச் சந்திக்கக்கூடும். அதற்கான விடையைத் தேடத் தொடங்கவேண்டிய நேரம், கூரை ஒழுகத் தொடங்கும் நாளுக்கு முந்தியது.